பெயருக்கும் பதிப்புரிமையோ?

நம்மவருள் ஒரு சாராரிடம் விந்தையான வழக்கமொன்று காணப்படுகிறது. இளைஞர் சிலர் கூடிச் சிற்றிதழொன்றிற்கோ சிறு கடைக்கோ பெயரிட்டு முடியுமுன், "அப்பெயர் எமக்குப் பதிப்புரிமையுடையது, உடனே கைவிடுக" என்று கடிதம் பறந்து வருகிறது. சட்டம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே இளைஞரும் அஞ்சிப் பெயரை மாற்றிவிடுகின்றனர். அவர்களை அஞ்சுவித்த உரிமையோ உலகில் இல்லாத ஒன்று!

பதிப்புரிமை ஆக்கத்தைப் பற்றியது. கதை, பாட்டு, ஓவியம் முதலியவற்றை இயற்றினார்க்குப் பதிவு ஏதுமின்றியே அது பிறக்கிறது. அவர் வாழ்நாள் முழுதும் நின்று, அதன்பின் மலேசியாவில் 50 ஆண்டும் சிங்கப்பூரில் 70 ஆண்டும் கழிந்ததும் ஒழிந்துபோகிறது. ஓரிரு சொல்லாலாய பெயரைச் சட்டம் ஆக்கமாகக் கொள்வதில்லை. பழைய பாட்டொன்றின் தலைப்பைத் திரைப்படத்திற்கு இட்டது குற்றமன்று என இலண்டன் பிரிவி கவுன்சில் 1939ஆம் ஆண்டிலேயே தீர்த்துவிட்டது. நெடுநாள் ஆராய்ந்து 'எக்ஸான்' என்ற புதுச்சொல்லைப் புனைந்த எண்ணெய்க் கம்பெனியும் 1981இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதே விடையைத்தான் பெற்றது. 'தேசி பாய்ஸ்' என்ற படத்தலைப்பைப் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியதும் அஃதே.

"அங்ஙனமாயின் பிறர் பெயரில் போலிச்சரக்கு விற்போனை யார் தடுப்பது?" என வினவுவர். நியாயமான வினா. அதற்கென்றே டிரேட்மார்க் எனப்படும் வணிகக்குறி இருக்கிறது. ஆனால் அது சொல்லின்மேல் ஆட்சியன்று. இச்சரக்கு இன்னாருடையது என்று வாங்குவோர்க்குக் காட்டும் அடையாளம். உலகத்துப் பண்டங்களையும் பணிகளையும் 45 வகுப்பாகப் பிரித்து, இன்ன வகுப்பில் இன்ன பொருளுக்கு என்றே பதிகின்றனர். பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்தால் அது என்றும் வாழும். கையாளாது போட்டுவைத்தாலோ, மலேசியாவில் 3 ஆண்டிலும் சிங்கப்பூரில் 5 ஆண்டிலும் அதனை நீக்கக் கோரலாம். பதியாத பெயருக்கும் நற்பெயர் ஈட்டியிருப்பின் காப்புண்டு. ஆயினும் மக்கள் மயங்குவர் என்று மெய்ப்பித்தாக வேண்டும்.

இதற்குக் கோலாலம்பூரிலேயே சான்றிருக்கிறது. 1999இல் அங்கே திறக்கப்பட்ட 'மெக்கறி' என்னும் இந்திய உணவுக்கடைமேல் மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 'மெக்' என்ற முன்னொட்டுத் தன் அடையாளம் என்பது அதன் வாதம். மலேசியக் கோழிக்கறி என்பதன் சுருக்கமே தம் பெயர் என்றனர் கடையினர். 2006இல் உயர்நீதிமன்றம் பெருங்கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. சிறு கடையோ தளரவில்லை. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயர்ப்பலகையையும் உணவுப் பட்டியலையும் ஒப்பிட்டு, மயக்கத்திற்கு இடமில்லை, முன்னொட்டும் ஒருவர்க்கே உரியதன்று எனத் தீர்த்தது. கூட்டரசு நீதிமன்றமும் அவ்வாண்டே மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அக்கடை சிவப்பும் மஞ்சளுமாய் வளைவு கட்டி வேட்டையாடியிருந்தால் அதற்காக நாம் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம் என்பது வேறு.

உலகளாவிய கம்பெனிக்கே வாய்க்காத தனியாட்சியை நம்மூர்ச் சிறு முதலாளிகள் ஒரு கடிதத்தால் அடையப் பார்ப்பது எத்துணைத் துணிச்சல்! இன்ன குலத்தார் இன்ன பெயர் சூட்டலாகாது என்று தடுத்த கொடுமையை நம் முன்னோர் பட்டதுண்டு. அன்று சாத்திரத்தைக் காட்டினர். இன்று படித்தறியாத சட்டத்தைக் காட்டுகின்றனர்.

இத்தகைய கடிதம் வரப்பெற்ற இளைஞர்காள், பெயர்ப்பலகையை இறக்குமுன் மறுமொழி ஒன்று எழுதுங்கள். உம் பதிவெண் யாது? எவ்வகுப்பில், எப்பொருளுக்குப் பதிந்தீர்? கடைசியாக அப்பெயரில் எதை, எந்த ஆண்டில் விற்றீர்? எம் பெயரால் மயங்கியவர் எவர்?