பூனைக்குக் கறி வேணும், அது பச்சையா இருக்கணுமா?

போன செமஸ்டர் லீவுல ஒரு ரீல்ஸ் பார்த்தேன். வெளிநாட்டுல ஒருத்தர் ஃபெரெட் வளர்க்கிறார். கீரி மாதிரி நீளமா, ஆனா கீரி இல்லை, நீர்நாயோட சொந்தக்காரன். டப்பா தீனியை நிறுத்திட்டு முழுக்க பச்சைக் கறிக்கு மாத்திட்டாராம். "முடி பளபளன்னு ஆச்சு, நாத்தம் குறைஞ்சுது, செம ஆக்டிவ்" என்று சொல்லிக்கொண்டே போனார். கீழே ஆயிரக்கணக்குல ஹார்ட். நம்ம ஊர்ல ஃபெரெட்டுக்கு நான் எங்க போக? ஆனா ரெட்டியார்பாளையத்துல எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ பிஸ்தா இருந்துச்சு. அஞ்சு மாசப் பூனைக்குட்டி. ஆயா கையால தயிர்சாதமும் மீன் தலையும் சாப்பிட்டு வளர்ந்தது.

ஃபெரெட்டும் கறி தின்னி, பூனையும் கறி தின்னி. லாஜிக் கரெக்ட்டுன்னு நினைச்சேன். மறுநாள் காலையிலயே வில்லியனூர் ரோட்டுக் கறிக்கடையில தோல் உரிச்ச கோழி நெஞ்சுக்கறி வாங்கி, கழுவி, வெட்டி, பச்சையா வச்சேன். அன்னைக்கே தயிர்சாதம் கட்.

"பச்சைக் கறியாடா வைக்கிற? வேக வச்சுக் குடு" என்றது ஆயா.

"உனக்குத் தெரியாது ஆயா, இதுதான் இயற்கை" என்றேன். இதை டைப் பண்ணும்போதே கூச்சமா இருக்கு.

மூணாவது நாள் வயித்துப்போக்கு. "டீடாக்ஸ் ஆகுது" என்று கமெண்ட்ல யாரோ போட்டிருந்ததை நம்பி விட்டுட்டேன். அதுவும் நின்னுது. ஒரு மாசம் எல்லாம் சூப்பர். முடிகூட பளபளன்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காம்பவுண்ட் சுவர் மேல தாவப் போன பிஸ்தா பாதியிலேயே நின்னுட்டுது. அடுத்த வாரம் பின்னங்காலை இழுத்து நடந்துச்சு. தூக்கினா கத்துச்சு. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை லைட்டுக்கு முன்னாடி பிடிச்சுக் காட்டினார். எலும்பு வெள்ளையா தெரியணும், ஆனா சுத்தி இருக்கிற சதைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமே தெரியல.

"என்ன தம்பி சாப்பாடு போடறீங்க?"

பெருமையா சொன்னேன். அவர் திட்டல. "கறி சரிதான். வெறும் கறிதான் தப்பு" என்று மட்டும் சொன்னார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ், கால்சியத்தைவிட பத்து இருபது மடங்கு அதிகம். வளர்ற குட்டிக்கு ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வேணும். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது, பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்குக் கொண்டு வரும். காட்டுப்பூனைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஏன்னா அது எலியை எலும்பு, குடல், ஈரலோட முழுசா முழுங்குது. "புலி என்ன வேக வச்சா சாப்பிடுது?" என்று கேட்கிறவங்களுக்கு என் முதல் பதில் இதுதான்: புலி நெஞ்சுக்கறி மட்டும் அரை கிலோ வெட்டி வாங்கிட்டுப் போறதில்லை. டேட்டாஷீட் படிக்காம ஐசி-யை போர்டுல மாட்டி புகை வர வச்சவங்க நம்ம லேப்ல எத்தனை பேர்? நான் அதையே ஒரு உயிர்ல பண்ணியிருக்கேன்.

இதுக்காக ஆயாவோட தயிர்சாதம் கரெக்ட்டுன்னு சொல்ல வரல. பூனை கண்டிப்பா கறி சாப்பிட்டே ஆக வேண்டிய பிராணி. ஃபெரெட் இன்னும் மோசம்: குடல் குட்டை, பெருங்குடல்வால்கூட கிடையாது, சாப்பிட்டது மூணு நாலு மணி நேரத்துல வெளியே வந்துடும், அதனால அரிசியும் காய்கறியும் அதுக்கு வேஸ்ட். கறி வேணும் என்கிற பாதி விஷயத்துல ரீல்ஸ்காரர் சொன்னது நிஜம். ஆனா "கறி" என்கிற வார்த்தையோட "பச்சை" எப்படி ஒட்டிக்கிச்சு? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வாரம் தூங்க விடல. தேடினப்போ கிடைச்ச கதை, நம்ம எக்ஸ்பெரிமென்டல் மெத்தட்ஸ் கிளாஸ்ல சொல்லித் தர வேண்டிய கதை.

1932-லேர்ந்து 1942 வரை கலிஃபோர்னியாவுல ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற டாக்டர் நூத்துக்கணக்கான பூனைகளை வச்சு ஒரு சோதனை பண்ணினார். ஒரு கூட்டத்துக்குப் பச்சைக் கறி, இன்னொரு கூட்டத்துக்கு வெந்த கறி. வெந்த கறி சாப்பிட்ட பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானா ஆச்சு. "பாருங்க, வேக வச்சா உயிர்ச்சத்து போயிடும்" என்று இன்னைக்கு வரைக்கும் பச்சைக் கறி ஆதரவாளர்கள் காட்டுறது இதைத்தான்.

பூனைக்கு வேணும்னு அப்போ யாருக்கும் தெரியாத ஒரு பொருள் நடுவுல இருந்துச்சு: டாரின். நம்ம உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும், பூனையால தேவையான அளவு முடியாது. டாரின் இல்லாத தீனி சாப்பிட்ட பூனைகளோட விழித்திரை கெட்டுப்போகுதுன்னு 1975-ல கண்டுபிடிச்சாங்க. 1987-ல கலிஃபோர்னியாவுல பால் பியானும் அவர் கூட்டாளிகளும், இதயம் வீங்கிச் சாகக் கிடந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்ததும் இதயம் தேறுதுன்னு காட்டினாங்க. அந்தப் பூனைகள்ல பல, கம்பெனி தீனி சாப்பிட்டவை. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் டாரின் அளவை ஏத்தினாங்க. (அதனால "பாக்கெட்ல போட்டிருக்கு, கரெக்ட்டாதான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கிறதும் வேண்டாம்.)

டாரின் தண்ணியில கரையும். கறியை வேக வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டினா, டாரின்ல ஒரு பங்கு சாக்கடைக்குப் போயிடும். தண்ணியோட ஊத்தினா பூனைக்கே போகும். அதாவது, பாட்டெஞ்சர் பூனைகளுக்குக் கிடைக்காம போனது "பச்சைத்தன்மை" என்கிற ஏதோ மந்திர சக்தி இல்லை. அநேகமா, பூனைக்கு இருக்குன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாத ஒரு தேவை. அளக்காத வேரியபிள் ஒண்ணு ரிசல்ட்டையே புரட்டிப் போட்டுடுச்சு.

சரி, பச்சையா கொடுக்கிறதுல லாபம் இல்லைன்னா நஷ்டமாவது இருக்கா? இருக்கு, அதுவும் நம்ம ஊர்ல. ஒரே கட்டை, ஒரே கத்தி, ஒரே டிரம் தண்ணியில நாள் முழுக்கக் கோழி வெட்டற கடையிலேர்ந்துதான் நாம வாங்குறோம். மே மாச வெயில்ல தட்டுல அரை மணி நேரம் கிடந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். சால்மொனெல்லா ஃப்ரீசர்ல சாகாது, தூங்கும். பூனை தாங்கிக்கும்னே வைங்க. அது நக்கின கையோட நாமதான் சாப்பிட உட்கார்றோம். வீட்ல கர்ப்பிணிகளோ கைக்குழந்தையோ இருந்தா இன்னும் யோசிக்கணும், ஏன்னா டாக்ஸோபிளாஸ்மாவைப் பூனை பிடிச்சுக்கிற வழிகள்ல பச்சைக் கறியும் ஒண்ணு.

அதைவிடப் பெரிசு பறவைக் காய்ச்சல். 2004-ல தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பண்ணையில் பச்சைக் கோழி சாப்பிட்ட 441 புலிகளில் 147 செத்தன, அல்லது கொல்லப்பட்டன. பழைய கதைன்னு தள்ளிட முடியாது. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மையத்தில் மூணு புலியும் ஒரு சிறுத்தையும் ஹெச்5என்1-ல் செத்தன. அடுத்த மாசமே மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் அதே வைரஸ். அதே டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கடையில் விற்ற உறைய வைத்த பச்சை வான்கோழித் தீனியைச் சாப்பிட்ட வீட்டுப் பூனை ஒண்ணு செத்து, அந்தத் தீனியையே திரும்பப் பெற்றாங்க. 74 டிகிரி சூட்டுல முடிஞ்சு போற வைரஸ் அது. புலியை வேக வச்ச கறி தின்ன வைக்கிறது கஷ்டம்தான். பிஸ்தாவுக்கு என்ன கஷ்டம், நம்ம வீட்ல கேஸ் ஸ்டவ் இருக்கு.

ஃபெரெட் வளர்க்கிறவங்களுக்கு ஒரு கொசுறு: 1933-ல லண்டன் விஞ்ஞானிகள் மனுஷனோட ஃப்ளூ ஒரு வைரஸ்னு நிரூபிச்சதே ஃபெரெட்டுக்கு அதைத் தொத்த வச்சுத்தான். அவங்கள்ல ஒருத்தர் மேல ஃபெரெட் தும்மி, அவருக்கே காய்ச்சல் வந்துச்சு. ஃப்ளூவுக்கு அவ்வளவு ஈசியா மாட்டுற பிராணிக்குப் பச்சைக் கோழி கொடுக்க எனக்குத் தைரியம் வராது.

இப்போ எங்க வீட்ல நடக்கிறது இது. கோழிக்கறியைக் கொஞ்சூண்டு தண்ணியில வேக வச்சு, ஆறினதும் தண்ணியோட பிசைஞ்சு வைக்கிறோம். உப்பு, மிளகாய், மசாலா கிடையாது. வெங்காயம், பூண்டு கிட்டவே வரக்கூடாது, பூனையோட சிவப்பணுவை உடைச்சுடும். ஈரல் வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு, தினமும் வச்சா வைட்டமின் ஏ ஏறிக் கழுத்தெலும்பே ஒட்டிப் போகும். வெந்த எலும்பு வேண்டாம், ஊசி ஊசியா உடையும். முட்டை ஓட்டுப் பொடி எவ்வளவுன்னு டாக்டர் சொன்ன அளவு மட்டும். மீனும் வேக வச்சுத்தான், சில மீன்ல பச்சையா இருக்கும்போது வைட்டமின் பி1-ஐ அழிக்கிற தயாமினேஸ் இருக்கு. இத்தனைக்கும் அப்புறமும் கணக்கு முழுசா சரியா வருமான்னு டாக்டருக்கே சந்தேகம். அதனால பாதி சாப்பாடு குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. எதை மாத்தினாலும் ஒரே நாள்ல மாத்தாம, பத்து நாள் கலந்து கலந்து மாத்தினோம்.

குருமாம்பேட்டுல ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு, எங்க தெருவிலேர்ந்து பைக்ல கொஞ்ச நேரம்தான். நான் கேட்டது எவனோ ஒருத்தன் ரீல்ஸ்கிட்ட.

ஆறு வாரம் பிஸ்தா ஒரு பழைய கோழிக் கூண்டுக்குள்ள இருந்துச்சு, எலும்பு உடையாம இருக்க. ராத்திரி அது கத்தும்போது ஆயா எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல உட்காரும். என்கிட்ட ஒரு வார்த்தை பேசாது. இப்போ நடக்குது, ஓடுது. சுவர் மேல இன்னும் தாவல. படியில ரெண்டாவது படி வரைக்கும் ஏறி, அங்கேர்ந்து கறிச்சட்டியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு.