உரைத்தொகுப்பான் வாய் திறக்கக் கூடாதாம்!

உரைத்தொகுப்பான் உரையைத் தொகுத்தால் போதும், அரசியல் பேச வேண்டியதில்லை. நோட்பாட் பிளஸ் பிளஸ் என்னும் சிறிய மென்பொருளைப் பற்றிப் பயனர்கள் எழுதிக் குவித்திருக்கும் கருத்துகளில், ஆண்டு தவறாமல் தலைகாட்டும் வாதம் இதுவே. மென்பொருள் நல்லது, விரைவானது, இலவசமானது என்று மூன்று வரியில் புகழ்ந்துவிட்டு, நான்காவது வரியில் 'ஆனால்' போட்டு, ஐந்து நட்சத்திரங்களில் நான்கைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த 'ஆனால்' பற்றித்தான் இப்பத்தி.

அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நோட்பாட் பிளஸ் பிளஸ், வின்டோஸ் கணனிகளுக்கான நிரல் எழுதும் கருவி. டொன் ஹோ என்பவர், தாம் பணியாற்றிய நிறுவனத்தில் பயன்படுத்திய ஜாவா உரைத்தொகுப்பான் ஆமை வேகத்தில் நகர்ந்ததைப் பொறுக்கமாட்டாமல் எழுதத் தொடங்கியது. நிறுவனம் யோசனையை ஏற்கவில்லை; ஓய்வு நேரத்தில் எழுதி முடித்து 2003 நவம்பரில் வெளியிட்டார். ஸ்கின்டிலா என்ற திறந்த மூலக் கூறின் மேல், சி பிளஸ் பிளஸ் மொழியில் கட்டப்பட்டது. சில மெகாபைட் அளவுதான். பழைய கணனியிலும் சொடுக்கியவுடன் திறக்கும். 2015இல் ஸ்டாக் ஓவர்புளோ நடத்திய உலகளாவிய கருத்துக்கணிப்பில் பதிலளித்த 26,086 பேரில் 34.7 வீதத்தினர் இதனையே பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் அண்மைய ஆண்டுக் கணிப்புகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் மைக்ரோசொப்டின் வி.எஸ். கோட் பக்கம் சாய்ந்துவிட்டனர் என்பது வேறு விடயம்.

நிரல் எழுதத் தெரியாத பத்திரிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நமது பத்திரிகைகள் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் அச்சேறியவை. பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். அக்காலக் கோப்புகளை இன்று திறப்பவர் காண்பது இப்படிப்பட்ட எழுத்துக் குப்பையைத்தான். அவற்றை யூனிக்கோடுக்கு மாற்ற வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றீடு செய்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள், ஒரு பக்கத்தைக்கூட மாற்றிப் பார்த்திராதவர்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பாமினியில் மெய்க்கு முன்னால் தட்டப்படும். யூனிக்கோடிலோ மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். 'கெ' என்பதை மாற்றுமுன் 'கொ' என்பதை மாற்றிவிட வேண்டும், இல்லையேல் கொம்பு தனியே, கால் தனியே தெருவில் நிற்கும். இந்த வரிசையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரே வீச்சில் தேடி மாற்றுவதற்கு வேண்டிய அனைத்தும் இந்தச் சிறு கருவியில் உண்டு. வின்டோசின் பழைய நோட்பாட், யூரிஎப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை ஒட்டிவைக்கும். இணையப் பக்கத்தில் ஏற்றினால் சில வேளைகளில் தலைப்புக்கு மேலே பூச்சி பூச்சியாய் ஏதோ ஊரும். அந்தக் குறி இருக்கிறதா இல்லையா என்பதை நோட்பாட் பிளஸ் பிளஸ் கீழ்ப்பட்டையிலேயே காட்டும், விரும்பினால் கழற்றியும் விடும். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றின் பழைய கோப்புகள் இன்று தமிழாக வாசிக்கக் கிடைப்பது இதன் புண்ணியத்தில்.

இன்னொன்று. சேமிக்காத எழுத்தையும் ஏழு விநாடிக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து ஒளித்துவைக்கும் வழக்கம் இதற்கு உண்டு. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மேசைக் கணனியை வைத்துக்கொண்டு அந்நாட்களில் கட்டுரை எழுதியவனுக்குத்தான் ஏழு விநாடியின் அருமை தெரியும்.

நிற்க. 'ஆனால்' என்பதற்கு வருவோம்.

2008இல் பீஜிங் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு கோரும் பதாகை ஒன்று இதன் பக்கத்தில் தொங்கியது. அது தங்கியிருந்த சோர்ஸ்போர்ஜ் தளத்தைச் சீனாவில் பெரும்பாலான பயனர்கள் சில வாரங்கள் அணுக முடியாது போயிற்று. காரணம் இப்பதாகையே என்று பரவலாக நம்பப்பட்டது. 2019இல் ஒரு பதிப்புக்கு உய்குர் மக்களின் விடுதலையைக் கோரும் பெயர். 2020இல் ஹொங்கொங் மக்களுக்கு ஆதரவான பெயர். ஒவ்வொரு முறையும் பெயர் வெளியாகும், கோபம் கொப்பளிக்கும். 2019இல் வழுக்களை முறையிடுவதற்கென்றிருந்த கிட்ஹப் பகுதியை வசைகளால் நிரப்பினார்கள். இணையத்தளத்தின் மீதும் தாக்குதல் நடந்தது.

வசைபாடியவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் எதிர்க்கட்சி, எதிர்க்கிறார்கள். எனது சினமெல்லாம் நடுநிலையாளர்கள் மீது. எந்தப் பக்கமும் சாராதவர் போல வந்து அமர்ந்து, கருவி என்றால் ஊமையாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளிப்பவர்கள் மீது. ஈய எழுத்துக் காலத்திலிருந்து இக்குரலை நான் கேட்டு வருகிறேன். அச்சுக்கோப்பாளன் எழுத்தைக் கோக்கட்டும், ஒப்புநோக்குபவன் பிழையைத் திருத்தட்டும், கருத்து எதற்கு என்று நிர்வாகத்தின் கண்ணாடி அறைகளிலிருந்து வந்த அதே குரல். அப்போதாவது அதைச் சொன்னவர்கள் மாதமுடிவில் சம்பளம் தந்தார்கள். இவர்கள் ஒரு சதமும் தராதவர்கள்.

மேலும், இவர்கள் நடுநிலை என்று எதைக் கருதுகிறார்கள்? 2010இல் அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டத்துக்குப் பணிந்து, கியூபா, ஈரான், வடகொரியா, சூடான், சிரியா ஆகிய ஐந்து நாடுகளின் பயனர்களுக்கு சோர்ஸ்போர்ஜ் கதவைச் சாத்தியது. அது அரசியல் இல்லையா? டமாஸ்கசில் ஒரு மாணவனுக்கு உரைத்தொகுப்பான் கிடைக்காமல் செய்வது நடுநிலை. அதை ஏற்க மறுத்து இம்மென்பொருளின் தரவிறக்கத்தை பிரான்சுக்கு நகர்த்தியவர் அரசியல்வாதி! 2015இல் அதே சோர்ஸ்போர்ஜ், ஜிம்ப் போன்ற பிறருடைய திறந்த மூல மென்பொருட்களின் நிறுவியில் விளம்பரக் குப்பையைச் சுற்றி விற்றது. டொன் ஹோ தமது திட்டத்தை அங்கிருந்து முற்றாக எடுத்துக்கொண்டு வெளியேறினார். பதிப்புப் பெயர்களுக்குக் கண்ணீர் வடிப்போர் இதற்காக அவருக்கு ஒரு நட்சத்திரமேனும் கூட்டிப் போட்டார்களா? இன்று வின்டோசின் சொந்த நோட்பாடுக்குள்ளேயே நமக்குப் பதிலாக எழுதித் தருகிறேன் என்று செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டோமா? கேட்கவில்லை. அதுவும் ஒரு கொள்கைப் பிரகடனம்தான். பெரிய கம்பனியின் பிரகடனம் என்பதால் 'வசதி' என்ற பெயர் பெறுகிறது.

எனினும் பயனர் பக்கம் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. 2015 ஜனவரியில் பாரிசில் சார்லி எப்டோ பத்திரிகை அலுவலகத்தில் நடந்த படுகொலையின் பின்னர் வெளியான பதிப்பை நிறுவியவர்கள், மென்பொருள் திறந்தவுடன் ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுத்துகள் தாமாகவே தட்டச்சாவதைக் கண்டு திகைத்தார்கள். கணனிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே பலர் பயந்தனர். கொல்லப்பட்டவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். அப்பதிப்பின் பெயர் எனக்குச் சம்மதம். ஆனால் அந்தத் தட்டச்சு எனக்குச் சம்மதமில்லை. பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கம் ஆசிரியருடையது. அதில் அவர் எதையும் எழுதலாம், பிடிக்காதவர் பக்கத்தைப் புரட்டலாம். என் பெயர் போட்டு நான் எழுதும் பத்திக்குள் அவர் கைவைக்கலாகாது. பதிப்பின் பெயர், வெளியீட்டு அறிவிப்பு, இணையத்தளத்தின் முகப்பு ஆகியன டொன் ஹோவின் தலையங்கம். திறந்து வைத்த வெற்றுப் பக்கம் என்னுடையது. முறையிட்டவர்கள் இந்த எல்லையைச் சுட்டியிருந்தால் அவர்களோடு நானும் கையெழுத்திட்டிருப்பேன். அவர்களோ எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, வாயை மூடு என்றார்கள். ஒரு ஹேக்கர் குழு அதே மாதம் அவருடைய இணையத்தளத்தை உடைத்து, வாயை மூடு என்பதைத் தன் பாணியில் சொல்லிவிட்டுப் போனது.

இனி, அண்மைய கதை. 2026 பெப்ரவரியில் டொன் ஹோ ஓர் அறிவித்தலை வெளியிட்டார். இணையத்தளம் தங்கியிருந்த வழங்கி நிறுவனத்தின் கணனிக்குள் 2025 ஜூனிலேயே ஊடுருவல் நடந்திருக்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்க முனைந்த பயனர்களுள் தெரிந்தெடுத்த சிலர் மட்டும் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டு, நச்சுக் கோப்பு வழங்கப்பட்டிருக்கிறது. செப்டெம்பரில் அந்தக் கணனியிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னரும், திருடிய கடவுச்சொற்களின் துணையோடு டிசம்பர் வரை அவர்களால் இது இயன்றது. சீன அரசின் ஆதரவு பெற்ற குழுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு.

செய்தி வந்த கையோடு நமது நடுநிலையாளர்கள் திரும்பி வந்தார்கள். அரசியல் பேசியதால் வந்த வினை, நாங்கள் அப்போதே சொன்னோம் என்று. வீடு புகுந்தவனை விட்டுவிட்டு வீட்டுக்காரனின் பேச்சைக் குறைசொல்லும் இந்தத் தர்க்கத்தை இலங்கைப் பத்திரிகையாளனிடம் விற்க வராதீர்கள். அது இங்கே ஏராளமாக விற்றாயிற்று.

டொன் ஹோ மீது உண்மையிலேயே வைக்கவேண்டிய குற்றச்சாட்டு வேறு. தரவிறக்கிய நிறுவி தம்முடையதுதானா என்று அதன் கையொப்பத்தையும் சான்றிதழையும் ஒழுங்காகச் சரிபார்க்கும் ஏற்பாடு, 2025 டிசம்பரில் வெளியான 8.8.9 பதிப்பில்தான் புதுப்பிப்பானுக்குள் வந்தது. 2017இல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இம்மென்பொருளின் ஒரு கூறைப் போலியாக மாற்றிவைக்கும் உத்தியைக் கொண்டிருந்தது விக்கிலீக்ஸ் மூலம் அம்பலமானபோது, அக்கூறின் சான்றிதழைச் சோதிக்கும் பூட்டை அவர் விரைந்து போட்டார். உள்ளறைக்குப் பூட்டுப் போட்டவர், வாசற்கதவை எட்டாண்டு ஏன் விட்டுவைத்தார்? வல்லரசுகளைச் சீண்டுபவர், தம்மை நம்பிக் கருவியை நிறுவிய எளியவர்களின் பாதுகாப்பில் இரட்டிப்புக் கவனம் காட்டியிருக்க வேண்டும். இதை நான் கடுமையாகவே சொல்வேன். மேற்சொன்ன 'ஆனால்'காரர்கள் பெயர்களைப் பற்றி எழுதிய காகிதத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இந்தக் கதவுக்கு ஒதுக்கியிருந்தால், அது பயனுள்ள முறைப்பாடாக இருந்திருக்கும்.

ஏனைய கருத்துகளை விரைவாகக் கடக்கிறேன். முகத்தோற்றம் பழையது என்கிறார்கள். உண்மை, எனக்கு அதுவே பிடிக்கும். மக் கணனிக்காக எழுதப்படவில்லை என்கிறார்கள். வின்டோசுக்கென்று வின்டோசின் அடித்தளத்திலேயே எழுதியதால்தான் அது இவ்வளவு இலேசாக இருக்கிறது. வி.எஸ். கோட் திறமானது என்கிறார்கள். மறுக்கவில்லை, முழுநேர நிரலாளர் அதையே வைத்திருக்கட்டும். ஆனால் அது ஓர் உலாவியை வயிற்றில் சுமந்துகொண்டு திறக்கிறது. நான்கு கிகாபைட் நினைவகத்தோடு மூச்சுவாங்கும் பிராந்தியச் செய்தியாளரின் கணனியில் அதைத் திறந்துவைத்து, பக்கத்தில் வேறொரு வேலையும் செய்து காட்டுங்கள் பார்க்கலாம்.

8.8.9க்கு முற்பட்ட பதிப்பை வைத்திருப்பவர்கள் அதன் உள்ளிருக்கும் புதுப்பிப்பானை நம்பாமல், அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிய நிறுவியை நேரே தரவிறக்கி மேலே நிறுவிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. பதிப்பின் பெயர் பிடிக்கவில்லையென்றால் அறிவித்தலைப் படிக்காமல் மூடிவிடலாம். எழுதும் பக்கம் வெறுமையாகவே திறக்கும்.