தீ இல்லை என்ற தைரியம் வேண்டாம்

எட்டு வயதுப் பிள்ளையைக் கேஸ் அடுப்புப் பக்கம் அண்டவிடாத நாம், அதே பிள்ளையிடம் "பசிச்சா மைக்ரோவேவ்ல சுட வச்சுச் சாப்பிடு கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம். தீயில்லை, கேஸ் இல்லை, பட்டனைத் தட்டினால் போதும் என்று நமக்கு நாமே ஒரு சமாதானம். பெற்றோரே, அந்தச் சமாதானம் தப்பு.

நாம் பயப்படுவதும் தவறான விஷயத்துக்குத்தான். கதிர்வீச்சு வந்துவிடும், கிட்டே நிற்காதே என்று பிள்ளையை விரட்டுகிறோம். மைக்ரோவேவ் அலைகள் ரேடியோ அலைகளின் இனம், எக்ஸ்ரே வகையல்ல. சாப்பாட்டில் கதிரியக்கம் எதையும் ஏற்றாது. கதவைத் திறந்த மாத்திரத்தில் அலை நின்றுவிடும். கதவு நெளிந்தோ சரியாக மூடாமலோ இருந்தால் ரிப்பேர் செய்யும்வரை தொடாதீர்கள், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஆவிக்கு, கொதிக்கும் குழம்புக்கு.

இந்த அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். அங்கிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடாக்கும். நடுப்பகுதிக்கு அந்தச் சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். அதனால்தான் ஓரம் கொதிக்கும்போது நடுவில் ஜில்லென்று இருக்கிறது. பால்புட்டியை உள்ளே வைக்கும் தாய்மாரே, தயவுசெய்து இதைக் கேளுங்கள். வெளியே தொட்டால் புட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு இடத்தில் மட்டும் பால், குழந்தையின் வாயைப் பொசுக்கும் சூட்டில் இருக்கலாம். தாய்ப்பாலோ பவுடர் பாலோ, புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.

பல வீடுகளில் மைக்ரோவேவ் ஃபிரிட்ஜ் மேலே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை முக்காலி போட்டு ஏறி, கொதிக்கும் கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குகிறது. கை தவறினால் சாம்பார் முகத்தில். இடமில்லை என்று சொல்லாதீர்கள். மேடையில் இருக்கும் எதையாவது எடுத்துவிட்டு இதை வையுங்கள். மூடியைச் சற்றே திறந்து வைத்துத்தான் சூடாக்க வேண்டும், பிறகு மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்க வேண்டும், பிடிதுணியில்லாமல் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்று நேரில் செய்து காட்டியிருக்கிறீர்களா? முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும், சில நேரம் வெளியே எடுத்த பிறகும் வெடிக்கும் என்று சொல்லியிருக்கிறீர்களா? வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால், கொதிக்காததுபோலத் தோன்றிவிட்டு, ஸ்பூன் போட்டதும் பொங்கி மேலே தெறிக்கும். இதைப் பெரியவர்களிலேயே பாதிப் பேர் அறியவில்லை என்பது என் எண்ணம்.

ஓட்டலிலிருந்து வந்த சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரோடு உள்ளே தள்ளுவதை நிறுத்துங்கள். ஃபாயில் பொட்டலமும் ஜரிகைக் கரை போட்ட பீங்கானும் பொறி கிளப்பும். எவர்சில்வர் டம்ளரும் வேண்டாம். பிள்ளைகளுக்கென்று வாங்கும் மெலமைன் தட்டும் இதற்கானதல்ல. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறி போட்ட கண்ணாடி, பீங்கான் கிண்ணம் இரண்டு வாங்கிப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஒழுங்காகப் பயன்படுத்தினால் நல்ல கருவிதான். இட்லிமேல் தண்ணீர் தெளித்து, மூடி, பாதிப் பவரில் வைத்தால் ரப்பராகாது. சாதத்தைக் குவிக்காமல், நடுவில் குழி விட்டுப் பரப்புங்கள். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், சூடு சமமாகப் பரவும். மிச்ச உணவு நடுப்பகுதிவரை 74 டிகிரி செல்சியஸுக்காவது சூடாக வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சாதத்தை எவ்வளவு சூடாக்கினாலும் பிரயோஜனமில்லை. அதில் சில கிருமிகள் விடும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்த சாதத்தை மட்டுமே பிள்ளைக்கு விட்டுச் செல்லுங்கள்.

பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். சுட்டுக்கொண்டால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் தடவக் கூடாது. பிறகு உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் போனை, மீட்டிங்கில் இருந்தாலும், எடுங்கள்.