தேடும் வேலையைப் பங்கிடுவோம்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியது சரியா, தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றிருந்த அந்தப் பாடத்திட்டம் 2023-24இல் மேல்வகுப்புகளுக்கும் வந்தது. 2025இல் நம் பிள்ளைகள் முதன்முறையாக அதன் பொதுத்தேர்வுகளை எழுதினார்கள். ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மை ஒன்று உண்டு: தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகத்தை விளக்கும் சுமை முழுதும் ஆசிரியர் தலையில் விழுந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்துவிட்டு வரும் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆசிரியர் என்ன செய்கிறார்? இரவில் யூடியூபைத் துழாவுகிறார். வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஃபார்வர்டு செய்த பிடிஎஃப்பைத் திறந்து பார்க்கிறார். அது யாருடையது, சரியானதா என்று பார்க்க நேரமில்லை. அதே பாடத்துக்காகப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் அதே இரவில் துழாவிக்கொண்டிருப்பார்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. நாம் நேற்றுவரை நடத்திய தமிழ்நாட்டுப் பாடநூல்களையே எடுத்துக்கொள்வோம். 2018இல் தொடங்கி கியூஆர் குறியீட்டோடு வந்த புத்தகங்கள் அவை; இன்றும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒளிச்சேர்க்கையும் மின்னோட்டமும் வாரியத்துக்கு வாரியம் மாறுவதில்லை. என்சிஇஆர்டி புத்தகத்தின் இந்தப் பாடத்துக்குத் தமிழ்நாட்டுப் புத்தகத்தின் அந்தப் பாடம் கைகொடுக்கும் என்பது பல ஆண்டு இரண்டையும் புரட்டியவருக்கு மனப்பாடம். அதைப் பட்டியலாக எழுதிவைத்தால் புதிதாக வரும் ஆசிரியருக்குப் பாதிச் சுமை குறையும். அதோடு திக்‌ஷா காணொளிகள், கதைக்கு ஸ்டோரிவீவர், இலக்கியத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், மதுரைத் திட்டம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இதே மண்ணில் ஆசிரியராக இருந்த பாரதிதாசனின் எழுத்து 1990இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டது. பகிர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒருவர் மட்டும் செய்து முடிக்கிற வேலை அல்ல இது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை 2024இலும், ஏழு, எட்டை 2025இலும் என்சிஇஆர்டி புதிதாக்கிவிட்டது. பழைய பட்டியல் அன்றோடு காலாவதி. ஆண்டுதோறும் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆள் நூலகர்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் ஐந்து விதிகளில் ஒன்றாக 1931இல் வகுத்தவர் நம் பக்கத்துச் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகரை வருகைப் பதிவேடும் தேர்வுக் கண்காணிப்பும் பார்க்க அனுப்பிவிட்டு நூலக அறையைப் பூட்டிவைக்கும் பள்ளி, அந்த விதியை மீறுகிறது. நூலகர் இல்லாத பள்ளிகளுக்கு 1827 முதல் இயங்கிவரும் ரோமன் ரோலண்ட் நூலகம் கைகொடுக்க முடியாதா?

கல்வித்துறைக்கு இதில் பெரிய செலவு இல்லை. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது சிபிஎஸ்இ. அதில் ஒரு பகுதியைப் பள்ளிகளே நடத்திக்கொள்ளலாம். பட்டியல் தயாரிக்கும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும். ஸ்மார்ட் போர்டு வாங்கும்போது உள்ள உற்சாகம் இதற்கு வராது என்பது தெரியும். பட்டியலைத் திறந்துவைக்க ரிப்பன் கிடையாதே.

தொழிற்பேட்டை நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. சமூகப் பொறுப்பு நிதிச் சட்டம் பெரிய நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் பக்கத்துப் பள்ளியின் மாத இணையக் கட்டணத்தை ஏற்கச் சிறிய பட்டறைக்கும் சட்டம் தேவையில்லை. இணையம் வராத வகுப்புக்குப் பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொடுக்க, கணினி தெரிந்த முன்னாள் மாணவர் ஓரிருவர் போதும். வீட்டில் இருக்கும் ஒரே போனை மாலையில் அரைமணி நேரம் பிள்ளையிடம் தந்து பக்கத்தில் உட்காருவது பெற்றோர் பங்கு.

முதல் ஆண்டுக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் மட்டும் போதும். கணக்கை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.