பெட்டி மாற்றிய படலம்

எல்லா ஆபீஸிலும் ஒருத்தன் இருப்பான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவனைக் கூப்பிடுவார்கள். மவுஸ் நகரவில்லை என்றால் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து, அணைத்துவிட்டு மறுபடி போடுவான். வேலை செய்யும். 'கம்ப்யூட்டர்ல புலி சார்' என்று பெயர் வாங்கிவிடுவான். எங்கள் ஆபீஸில் அந்தப் புலி நான்தான். எனக்குத் தெரிந்தது அணைத்துப் போடுவது மட்டும்தான் என்ற ரகசியம் போன மாதம் வரை இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று என் மனைவி. இப்போது அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு ஹாலில் 2006-ல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. ஸ்விட்ச் போட்டால் கிரைண்டரில் மாவு அரைக்கிற சத்தம் வரும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. காரணம், அதில் அவர் ஆடும் ஒரே ஆட்டம், ஃப்ரீசெல்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு சீட்டும் முகம் காட்டி எட்டு வரிசையில் கிடக்கும். மேலே நாலு காலி அறை. ஒளிவு மறைவு கிடையாது. சாலிட்டேரில் தோற்றால் சீட்டு சரியில்லை என்று திட்டலாம். இதில் தோற்றால் நம்மையேதான் திட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயரான மனுஷருக்கு இது பிடிக்காமல் வேறெது பிடிக்கும்?

தவிர, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. 617 என்று போட்டால் உலகத்தில் யாருக்கும் அதே வரிசைதான் வரும். இது தெரிந்ததும் அப்பா 1-லிருந்து ஆரம்பித்தார். ஜெயித்தால் அடுத்தது. தோற்றால் மறுபடி அதே. ஒரு நீளமான கணக்கு நோட்டில் நம்பர், தேதி, வெற்றியா தோல்வியா எல்லாம் எழுதுவார். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு அம்மா கீரை ஆய்ந்தபடி, "என்னங்க, அந்தச் சிவப்பு ஏழை எடுத்து அந்தக் கறுப்பு எட்டு மேல வைங்க" என்பார். அப்பா, "எனக்குத் தெரியாதா?" என்பார். பிறகு அதையே வைப்பார்.

பழைய ஃப்ரீசெல்லில் பாதி ஆட்டத்தை சேமித்து வைக்க முடியாது. கரண்ட் போனால் ஆட்டம் போச்சு. ஆனால் அது தோல்விக் கணக்கில் ஏறாது. இதை என் பையன் ஏழு வயசிலேயே கண்டுபிடித்துவிட்டான். "தாத்தா, தோக்கற மாதிரி இருந்தா பிளக்கைப் புடுங்கிடுங்க" என்றான். அப்பா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கள்ள நோட்டு கொண்டு வந்தவனைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

2014-ல் 11982-க்கு வந்தார். அங்கே நின்றார். தொட்டு ஆடினால் தோல்வி ஏறிவிடும் என்று, கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்து, அதே வரிசையில் ஹால் தரையில் பரப்பி, மூணு வாரம் யோசித்தார். வாசலில் யார் வந்தாலும் அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார். "ரிட்டயரான மனுஷன் ஹால்ல சீட்டாடறார்னு தெருவுல பேசுவாங்க." கடைசியில் நான்தான் எதையோ தேடும்போது பார்த்தேன். 1994, 95-ல் நிறையப் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக 32,000 ஆட்டங்களையும் பிரித்துக்கொண்டு ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அத்தனையும் ஜெயித்து, ஒன்றே ஒன்று நின்றுவிட்டது. 11982. அப்புறம் கம்ப்யூட்டர் புரோகிராம்களே எழுதி விட்டுப் பார்த்தார்கள். அவையும் கைவிரித்துவிட்டன. இதை அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சீட்டுகளை அடுக்கி அட்டைக்குள் போட்டார். மெஷினில் தோல்வியை ஒப்புக்கொண்டு 11983-க்குப் போனார்.

அந்த வருஷம்தான் அம்மா தவறினார். அதுவரை நாளுக்கு நாலு ஆட்டம். அதன் பிறகு இரண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. முக்காலி அங்கேயே இருக்கும். யாரும் நகர்த்துவதில்லை.

போன மாதம் கம்ப்யூட்டர் இரண்டு தடவை தானாக அணைந்தது. புது லேப்டாப் வாங்கியாகிவிட்டது. அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "பெட்டியை மாத்திக்கோ. என் கணக்கு போகக் கூடாது." மெஷினில் எஃப்4 தட்டினால் இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று காட்டும். அதுதான் கணக்கு.

"இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்றேன். புலி அல்லவா!

எனக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. காலேஜ் நாளில் டாஸில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடியவன். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் சேவ் ஆகும். அந்த ஃபைல் எவ்வளவு தெரியுமா? எட்டே பைட். எத்தனை நிமிஷம் மிச்சம், எந்த லெவல், எத்தனை உயிர். அவ்வளவுதான். ஃபோல்டரோடு ஃபிளாப்பியில் தூக்கி இன்னொரு மெஷினில் போட்டால் இளவரசன் விட்ட இடத்திலிருந்து குதிப்பான். (இப்போதைய 64 பிட் விண்டோஸில் அந்த டாஸ் ஆட்டம் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒரு புரோகிராம் போட்டு அதற்குள் ஓட விட வேண்டும்.)

ஃபோல்டரைத் தூக்கினால் எல்லாம் வந்துவிடும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையில்தான் விழுந்தேன். பழைய மெஷினிலிருந்து ஃப்ரீசெல் புரோகிராமையும், சீட்டுப் படங்கள் இருக்கிற கார்ட்ஸ் டிஎல்எல் ஃபைலையும் பென் டிரைவில் எடுத்தேன். லேப்டாப்பில் போட்டேன். டபுள் கிளிக். ஓடியது! "பாத்தீங்களா?" என்றேன். மனைவி உடனே, "அப்ப பழைய பெட்டியைக் குடுத்துடலாமா?" என்றாள். அவளுக்கு அந்த மூலையில் ஷூ ஸ்டாண்ட் வைக்க வேண்டும். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய்விட்டது. தள்ளுவண்டிக்காரர் மானிட்டர், பெட்டி, கீபோர்டு எல்லாம் சேர்த்து 400 ரூபாய் கொடுத்தார். பேரம் பேசி 420 ஆக்கினேன். பெருமையாக வேறு இருந்தது.

சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சும்மா எஃப்4 தட்டினேன்.

வெற்றி, பூஜ்யம். தோல்வி, பூஜ்யம்.

வயிற்றில் ஒரு கல் இறங்கியது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஆட்டம் ஓரிடத்தில் இருக்கும், அதன் கணக்கு வேறிடத்தில் இருக்கும். சில ஆட்டங்கள் தன் ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளும். ஜிடிஏ வைஸ் சிட்டி மாதிரி சில, மை டாக்குமென்ட்ஸில் தனி ஃபோல்டர் போட்டு வைக்கும். விஸ்டா வந்த பிறகு இன்னொரு கூத்து. ஆட்டம் தன் ஃபோல்டரில் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் அதை நைசாக விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். எக்ஸ்பியின் ஃப்ரீசெல்லோ ஃபைலே வைப்பதில்லை. நேராக ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும். அதாவது, வீட்டைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்டினாலும் பட்டா தாலுகா ஆபீஸில்தானே இருக்கும்? நான் செங்கலைக் கொண்டு வந்துவிட்டேன். தாலுகா ஆபீஸை 420 ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

பையன் வந்து எட்டிப் பார்த்தான். அவன் ஆட்டங்கள் எல்லாம் கிளவுடில். புது மெஷினில் லாகின் பண்ணினால் போதும். "தாத்தாவுக்கு பேக்கப் எடுக்கலையாப்பா?" என்றான். அவனைக் கடைக்கு அனுப்பினேன்.

பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் முத்து முத்தாக மொத்தம் போட்டிருந்தார். வெற்றி 19,412. தோல்வி 97. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தேன். ஃப்ரீசெல் இருக்குமிடம் தெரிந்தது. பூஜ்யத்தை அழித்து இந்த எண்களை எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அங்கே எண்கள் நம் மாதிரி பத்து பத்தாக இல்லை, பதினாறு பதினாறாக. 19,412 என்பது 4பிடி4. 97 என்பது 61. (என் வயசு 48. அந்தக் கணக்கில் 30 என்று வருகிறது. உடனே அந்த ஊருக்கே குடிபோய்விடலாம் போல இருந்தது.) எழுதினேன். சேவ் பண்ணினேன். எஃப்4. அச்சு அசல்!

அப்பா வந்தார். கால் கழுவினார். உட்கார்ந்தார். எஃப்4 தட்டினார்.

ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது மெஷின் கணக்கு இல்லடா. நோட்டுலேர்ந்து எடுத்து நீ எழுதினது."

புலிக்கு மூச்சு நின்றுவிட்டது. "எப்படிப்பா..."

"பெட்டி எங்க?"

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். எழுபத்தேழு வயசு. நானும் பின்னாலேயே ஓடினேன்.

தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து, அவர் சரக்கு போடும் காயலான் கடையைப் பிடித்தபோது மணி எட்டு. கடைக்குள் பெட்டியை ஏற்கெனவே பிரித்துவிட்டார்கள். ஃபேன் ஒரு கூடையில், ஒயர் ஒரு கூடையில். ஒரு பையன் கையில் சுத்தியோடு, காந்தம் எடுப்பதற்காக ஒவ்வொரு ஹார்ட் டிஸ்காக உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குவியல். "எது உங்களுது சார்?" என்றார் கடைக்காரர். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில், வாங்கிய தேதியும் கேரண்டி முடியும் தேதியும் முத்து முத்தாக அவர் கையெழுத்தில். எனக்கே தெரியாமல் 2006-லேயே ஒட்டியிருக்கிறார்!

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். விலை 600 என்றார். மொத்தப் பெட்டிக்கு 420 வாங்கின நான் டிஸ்குக்கு மட்டும் 600 கொடுத்தேன். இந்தத் தடவை பேரம் பேசவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு மட்டம். ரிச்சி தெருவில் அந்தக் காலத்து டிஸ்கை யுஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர் வாங்கினேன். டிஸ்க் இரண்டு தடவை கரகரத்தது. மூணாவது தடவை சுற்றியது. அதில் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள், அப்பா பெயரில் இருந்த ஃபோல்டரில், என்டியூசர் டாட் என்று ஒளித்து வைத்த ஒரு ஃபைல். அதுதான் அவருடைய ரெஜிஸ்ட்ரி. புது மெஷினின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'லோட் ஹைவ்' கொடுத்து அதைத் தற்காலிகமாக மாட்டி, ஃப்ரீசெல் பகுதியை மட்டும் வெளியே எடுத்து, நோட்பேடில் பாதையின் பெயரைத் திருத்தி, இங்கே உள்ளே விட்டேன். நான் எழுதிய பொய்க் கணக்கின் மேலேயே நிஜக் கணக்கு ஏறியது. உங்கள் வீட்டிலும் பழைய டிஸ்க் இருந்தால் இதைச் செய்யலாம். பெட்டியை விற்பதற்கு முன்னால் செய்தால் 600 ரூபாய் மிச்சம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். எஃப்4 தட்டினார்.

வெற்றி 19,412. தோல்வி 98.

"இதுதான்" என்றார்.

"நோட்டுல 97தானேப்பா இருக்கு?"

அப்பா நோட்டை வாங்கிப் பக்கம் புரட்டினார். 2014. விரலை வைத்துக் காட்டினார். 11981-க்கு அடுத்த வரி 11983.

"அது வாராக் கடன். தள்ளுபடி பண்ணிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாதான் சொன்னா. யாராலயும் முடியாததுக்கு நீங்க ஏன் தோல்வின்னு எழுதணும், விடுங்க, அடுத்ததுக்குப் போங்கன்னு."

"மெஷின்லயும் அழிச்சிருக்கலாமே? இப்பதான் எனக்கு அழிக்கத் தெரியுமே?"

அதே கள்ள நோட்டுப் பார்வை.

பிறகு முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். "எழுத்து சின்னதா தெரியுதேடா. பெரிசு பண்ணிக் குடு. 19,414."