ஃபிளாஷ் அடிக்கலியே!

ரிப்பேரான எந்தச் சாமானுக்கும் நம் ஊரில் முதல் வைத்தியம், தலையில் ஒரு தட்டு. ரேடியோ காலத்துப் பழக்கம். காமிரா மேல் மாட்டுகிற ஃபிளாஷ் அடிக்காவிட்டால் அதற்கும் இதே மரியாதைதான். தட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம். அதை மட்டும் வேண்டாம் சார். உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஸ்விட்சை அணைத்தாலும் உடனே எழுந்து போகாத விருந்தாளி அது.

நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் டிரையல் பேலன்ஸ் உதைத்தால் எங்கே தேடுவது என்று தெரியும். எல்லாப் பக்கத்தையும் புரட்டக் கூடாது. சரியாக இருக்கிற பாதியை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். தப்பு மீதிப் பாதியில் மாட்டும். ஃபிளாஷுக்கும் இதே சூத்திரம்தான்.

ஃபிளாஷின் முதுகில் டெஸ்ட் அல்லது பைலட் என்று சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். (சிலவற்றில் ரெடி விளக்கே பட்டன்.) விளக்கு எரிந்ததும் அமுக்குங்கள். பளிச்சென்று அடித்தால் ஃபிளாஷ் நிரபராதி. பாட்டரி, கெபாசிட்டர், ஸெனான் குழாய் எல்லாரும் சௌக்கியம். குற்றவாளி காமிராவில், அல்லது இரண்டும் சேருகிற இடத்தில், அல்லது செட்டிங்கில்.

டெஸ்ட்டிலும் அடிக்கவில்லையா? முதலில் பாட்டரி. நாலு செல்லில் ஒன்று தலைகீழாக இருக்கும். அல்லது மூன்று புதுசு, ஒன்று பழசு. (பார்ட்னர்ஷிப் கணக்கு மாதிரி. ஒரு பார்ட்னர் திவாலானால் மற்ற மூவரும் சேர்ந்து அழ வேண்டும்.) தொடர்ந்து முழு பவரில் அடித்துச் சூடேறிய ஃபிளாஷ் தானாகவே லீவு எடுத்துக்கொள்ளும், ஆறவிடுங்கள். மாசக்கணக்கில் பீரோவில் தூங்கியது என்றால் கெபாசிட்டருக்குச் சோம்பல். புது செல் போட்டு, நாலைந்து தரம் நிதானமாக டெஸ்ட் பண்ணினால் தெளியும்.

இனி அந்த 'சேருகிற இடம்'. காமிரா தலையில் ஃபிளாஷை மாட்டும் ஷூவின் நடுவே ஒரு உலோகப் புள்ளி. கிளிக் பண்ணும்போது அதையும் ஓரத் தகட்டையும் காமிரா உள்ளுக்குள் இணைக்கிறது. காலிங்பெல் ஸ்விட்ச் மாதிரி, அவ்வளவுதான். ஃபிளாஷைக் கடைசி வரை தள்ளி லாக் பண்ணவில்லை என்றாலோ, அங்கே அழுக்கு படிந்திருந்தாலோ பெல் அடிக்காது. காய்ந்த துணியால் துடையுங்கள். 2019-இல் வந்த கேனன் 200டி மார்க் II-இல் அந்த நடுப்புள்ளியே கிடையாது. கேனன் பாஷை தெரிந்த ஃபிளாஷ்தான் அதில் அடிக்கும். மற்றதை எத்தனை துடைத்தாலும் பிரயோஜனமில்லை. மாமா விட்டுப்போன பழைய ஃபிளாஷை டிஜிட்டல் காமிராவில் மாட்டவே மாட்டாதீர்கள். சில பழசுகள் ஷூ வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். ஃபிளாஷ் அடிக்கும், காமிரா படுத்துவிடும்.

செட்டிங்கிலும் வில்லன்கள் உண்டு. காமிராவில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலும் ஃபிளாஷ் அடிக்காது. மெனுவில் ஃபிளாஷையே யாராவது அணைத்து வைத்திருக்கலாம். எல்லாரையும் விட மோசமானவன், ஸ்லேவ் மோடு.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியாச்சு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாச்சு. போட்டோகிராபர் தம்பி கிளிக் பண்ணுகிறார், வெளிச்சம் இல்லை. மறுபடி கிளிக். ஊஹூம். ஆனால் மேடை ஓரத்தில் ஒரு சித்தப்பா தன் சின்னக் காமிராவில் எடுக்கும்போதெல்லாம் தம்பியின் ஃபிளாஷ் பளிச் பளிச் என்கிறது! சோறு போட்டவர் ஒருவர், வாலாட்டுவது வேறொருவருக்கு.

முந்தின நாள் ரிசப்ஷனில் அதை மண்டப மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். வேறு ஃபிளாஷ் மின்னினால் தானும் மின்னுகிற மோடு. ராத்திரி யாரும் மாற்றவில்லை. அந்த மோடில் பல ஃபிளாஷ்கள், தான் உட்கார்ந்திருக்கிற காமிரா சொன்னாலே கேட்காது.

காரணம் தெரிவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அதற்கு ரீடேக் கிடையாது. கிடைத்த படங்கள் கரேலென்று இருந்தன. சாயந்திரம் பெண்ணின் பெரியப்பா, பேசின பணத்தில் பாதியைத்தான் எண்ணிக் கொடுத்தார். "ஃபிளாஷே எரியாதவனுக்கு ஃபுல் பேமென்ட் எதுக்கு?"

தம்பி வாதாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாச வாடகையோ, பிள்ளையின் ஸ்கூல் பீஸோ, ஏதோ ஒன்று அந்தப் பாதியில் போயிருக்கும். நகம் அளவு ஸ்விட்ச். மேடை ஏறுமுன் மாட்டிவைத்து ஒரே ஒரு கிளிக் பண்ணிப் பார்த்திருந்தால் பத்து செகண்டில் தெரிந்திருக்கும்.

ஆகவே டெஸ்ட் பட்டன் முதலில், பாட்டரி அப்புறம், ஷூ அதற்கப்புறம், மோடு கடைசி. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால். தலையில் தட்டுவது எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஆபீஸிலும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். வேலை நடக்கவில்லை என்றால் முதல் தட்டு குமாஸ்தா தலையில்தான். அவரோ ரெடி விளக்கு எரிய உட்கார்ந்திருப்பார். மேலேயிருந்து கிளிக்தான் வந்திருக்காது.