விரலியில் ஒரு நாடகத்திற்கு இடம்

அண்மையில் சிம் லிம் ஸ்குவேரில் 256 கிகாபைட் விரலி ஒன்று வாங்கினேன். "இவ்வளவு இடத்தை எதைப் போட்டு நிரப்பப் போகிறாய்? எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே!" என்று நண்பன் சிரித்தான். அவனுக்கு அப்போது சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் 2019இல் கழகச் செயலாளராக இருந்தபோது மலரின் பக்கங்கள், நிகழ்ச்சி அறிக்கைகள், மேடை நாடகத்தின் ஒளிப்பதிவு எல்லாவற்றையும் என் மாணவர் கணக்கின் இணையச் சேமிப்பில்தான் வைத்திருந்தேன். பட்டம் பெற்றபின் கணக்கு மூடப்பட்டது. முன்னறிவிப்பு வந்திருந்தது, வேலை தேடும் அவசரத்தில் நான்தான் படிக்கவில்லை. மலருக்காவது அச்சுப் பிரதி உண்டு. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகம் இன்று யாரிடமும் இல்லை. அதில் நடித்த தோழி, பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டபோது தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய செயலவை கணக்குப் புத்தகத்தோடு ஒரு பெரிய விரலியையும் புதிய செயலவையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பேன். கடவுச்சொல்லை மறந்துபோகலாம், கையில் வாங்கிய பொருளுக்கு ஒருவர் பொறுப்பாளி.

சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. (முதலில் கண்டுபிடித்தது தாங்களே என்று வேறு சிலரும் சொல்வதுண்டு!) அன்றைய 8 மெகாபைட் விரலி இரண்டு பாட்டுக்கே நிறைந்துவிடும். இன்று நூறு பக்க மலரை வண்ணத்தில் வருடி வைத்தாலும் ஏறத்தாழ 100 மெகாபைட்தான். முப்பது மலர்களுக்கு 3 கிகாபைட் போதும். மீதியெல்லாம் நாடகத்திற்கும் பட்டிமன்றத்திற்கும்.

பழைய மலர்களின் மூலக் கோப்புகள் கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் 'டிஸ்கி' போன்ற குறியாக்கங்களில் தட்டச்சு செய்தவை இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. அந்த எழுத்துருவையும் ஒரு பிடிஎஃப் நகலையும் கூடவே சேமிக்க வேண்டும். இன்னொன்று, 'ஃபேட்32' முறையில் அமைந்த விரலி 4 கிகாபைட்டை எட்டும் ஒளிப்பதிவை ஏற்காது. எத்தனை இடம் காலியாக இருந்தாலும் அடம்பிடிக்கும். கோப்புகளை ஏற்றுமுன்பே 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

விரலியை மட்டுமே நம்பவும் கூடாது. அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் தங்கியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைத்தால் மெல்லக் கசிந்துவிடலாம். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்து, ஒரு வன்தட்டிலும் நகல் எடுக்க வேண்டும். இணையச் சேமிப்பும் இருக்கட்டும், ஆனால் கழகத்தின் பெயரில்.

நான் வாங்கிய விரலி கழகத்திற்குத்தான். கைக்குக் கிடைத்த மலர்களை வருடி ஏற்றிவிட்டேன். '2019 நாடகம்' என்ற கோப்புறை மட்டும் காலியாக இருக்கிறது. முன்னாள் மாணவர்களே, அன்று அரங்கில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவர்கள் பலர். பத்து நிமிடத் துண்டு இருந்தாலும் அடுத்த பொதுக்கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.